அப்பாவை அழைக்கப் போன வீடு

தைவானின் ஜியாயி நகரத்தில், அந்த மரவீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று புரியாமல் நின்றாள் சூ-பிங். ஜப்பான்காரர்கள் ஆண்டபோது வன அதிகாரிக்குக் கட்டியது. முன்னறை வெள்ளைக்காரப் பாணி, செருப்போடு போகலாம். பின்னால் கோரைப்பாய் பதித்த ஜப்பானிய அறைகள், போகக்கூடாது. அவர்கள் போனபின் அவள் குடும்பம் குடியிருந்தது; அவள் பிறந்து வளர்ந்த வீடுதான். ஆனால் நகராட்சி பழுதுபார்த்துக் காட்சிக்கு வைத்தபின் எதுவும் பிடிபடவில்லை.

அப்பா இங்கேதான் செத்துப்போனார். நகராட்சி காலி செய்யச் சொன்ன அவசரத்தில், ஊதுபத்தி ஏற்றி அவரை முறையாகக் கூப்பிடாமலே இறந்தவர்களின் ஆவி தங்கும் முன்னோர் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். புது அடுக்குமாடியில் குறி கேட்கும், ஒரு பக்கம் தட்டையான இரண்டு பிறைக்கட்டைகளைப் போட்டு, "வந்துட்டீங்களா அப்பா?" என்று எப்போது கேட்டாலும், 'இல்லை' என்றே விழுந்தது. எப்படியாவது அவரைக் கூட்டிப்போக வேண்டும் என்றுதான் தம்பி ஹான்-சோங்கோடு வந்திருந்தாள்.

"அப்பா கட்டில் இங்கதான் கெடந்துச்சு," என்றான் தம்பி.

"உளறாதடா. இது சமையல்கட்டுக்குப் போற வழி."

"சமையல்கட்டை இடிச்சுட்டாங்கம்மா," என்றாள் காவல் நின்ற பெண். "அது பின்னால சேத்ததாம். அசல் இல்லயாம்."

அந்தச் சமையல்கட்டு அப்பா தன் கையால் கட்டியது. சூ-பிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்தாள்.

"ஐயோ, மரவீடும்மா! நெருப்பு கூடாது. பேட்டரி ஊதுபத்தி இருக்கு, தரவா?"

"பேட்டரிக்கெல்லாம் எங்கப்பா திரும்பிக்கூடப் பாக்கமாட்டார்."

கடைசியில் பற்றவைக்காத ஊதுபத்தியோடு, குத்துமதிப்பாக ஒரு மூலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "அப்பா, இங்க இருக்கீங்களா?"

கையோடு கொண்டுவந்த பிறைக்கட்டைகளைப் போட்டாள். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தன. ஆமாம்.

"எங்ககூட வர்றீங்களா?"

இரண்டின் தட்டைப்பக்கமும் மேலே. அப்படி விழுந்தால் அவர் சிரிக்கிறார் என்று அர்த்தம், பதில் இல்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் சிரிப்பு.

"எதுக்குடா சிரிக்கிறார்?"

"எனக்கென்னக்கா தெரியும்? உன் கேள்வி சரியில்லயோ என்னவோ."

மூன்றாம் முறை இரண்டும் கவிழ்ந்தன. இல்லை.

வீடு பிடித்துப்போய் வர மறுக்கிறாரா, தங்களை அடையாளம் தெரியவில்லையா, ஊதுபத்தி புகையாத கோபமா? ஒன்றும் விளங்கவில்லை. சுவரில் மாட்டிய அறிவிப்புப் பலகையில் அந்த ஜப்பானிய அதிகாரியின் பெயர் மட்டும் இருந்தது, அப்பாவின் பெயர் இல்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"அப்பா, இங்க உங்களுக்கு யாரு சோறு வைப்பா?" என்று கட்டைகளை ஓங்கினாள்.

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "அக்கா, ஆமா, இல்லன்னு சொல்ற மாதிரி கேளு."

அவள் யோசித்தாள். அவளுக்குத் தெரியவேண்டியது 'ஏன்' என்பது மட்டும்தான்; அதைக் கட்டைகளிடம் கேட்க முடியாது.