பெரட்டில் நின்ற வரைபடம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையைத் தொடங்கும்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். தேர்தல் தொகுதி எல்லைக்கு ஆட்சேபம் சொல்லச் சிரம்பான் போய், எங்கள் மம்பாவ் தெருவை இரண்டாகப் பிளந்த வரைபடத்தைப் பார்த்து வயிறெரிந்து, அங்கே லோபாக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இராஜமாணிக்கம். எண்பதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்.

“பேப்பர காட்டிப் பேசுனா எவன்லா கேப்பான்? அம்பத்து நாலுல எங்க தோட்டத்துல ஆளுங்கள நிறுத்தியே மேப் காட்டுனா ஒரு பொம்பள.”

அதோடு ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கிவிட்டார், மனிதர்.

2

முதல் தொடக்கம்: ‘முள்வேலியின் மீது விடியலின் முதல் கதிர் மெல்ல’ (சீ! அலங்கார வேலை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று தொழிலாளர் லயங்களை எல்லாம் இடம் மாற்றி, ஒரே முள்வேலிக்குள் அடைத்திருந்தார்கள்.’ இது இருக்கட்டும்.

முதல் பொதுத்தேர்தலுக்குத் தொகுதி பிரித்தார்கள். பிரித்தவர்களின் மேப் பழையது, வேலி போடுவதற்கு முந்தியது. அதில் இந்த இடத்தில் வெறும் ரப்பர் மரங்கள். ஓடையை ஒட்டிக் கோடு இழுத்துவிட்டார்கள். கோடு லயத்துக்கு நடுவே போனது. ஓடைக்கு அந்தப்பக்க வீடுகள் ஓட்டுப் போட தூரத்திலுள்ள புக்கிட் பெலண்டோக் போக வேண்டும். லாரி கிடையாது. மாலை ஆறு மணிக்கு வேலிக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். யார் போவார்கள்? பாதித் தோட்டத்தில் ஓட்டு உள்ளவர்களுக்கும் அது இல்லாத மாதிரிதான்.

[சரியான படம் வரைந்து கொடுக்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் ஒரு பக்கம் எழுதினேன். இராஜமாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டார். “வேலி, கேட்டு எல்லாம் வரைஞ்ச பேப்பர் கையில இருந்தா, காட்டுக்காரனுக்கு வழி சொன்னேன்னு போலீஸ்காரன் தூக்கிட்டுப் போயிருவான்யா!” அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.]

3

மேப் காட்டிய அந்தப் பொம்பளைக்கு வள்ளிநாயகி என்று பெயர் வைத்தேன். நிஜப்பெயர் இராஜமாணிக்கத்துக்கு நினைவில்லை. தொகுதி பிரிக்கும் வெள்ளைக்கார அதிகாரி முன்னால் இவ்வளவு பேசியிருப்பாளா என்று எனக்கே சந்தேகம். கேட்டேன். “நீ எழுதுனத விட வாய் ஜாஸ்தி அவளுக்கு,” என்றார்.

அதிகாரி தோட்டம் பார்க்க வந்த காலை. வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம். வழக்கமாக வேலை வாங்கும் மண்டோர் வாரியாக நிற்பார்கள். அன்று வீட்டு வரிசைப்படி நின்றார்கள், இருநூறு பேர். நடுவே ஒரு மாட்டுக்கயிறு, அதன் முனையைப் பிடித்தபடி வள்ளிநாயகி.

“என்ன இது?” அதிகாரி துரை கேட்டதைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார்.

“நீங்க போட்ட கோடுதான் தொர. இந்தப் பக்கம் சன்னாசி. அந்தப் பக்கம் அவன் கூடப்பொறந்த முத்தாயி. ரெண்டு பேருக்கும் தண்ணி ஒரே பைப்புல. ஓட்டு மட்டும் எதுக்கு வேற ஊர்ல?”

துரை கயிற்றோடு நடந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, வள்ளிநாயகியிடம் திரும்பி வந்தார்.

“உனக்கு எந்தப் பக்கம் ஓட்டு?”

“எனக்கா? எனக்கு ஓட்டே இல்ல தொர. நான் ஊர்லருந்து கப்பல்ல வந்தவ. பிரஜை இல்லேன்னுட்டாங்க.”

நின்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். இருந்தும் ஒருத்தர் நகரவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. இந்த வரியை அடிக்கமாட்டேன், இருக்கட்டும்.

துரை மேப்பை விரித்து, பென்சிலை எடுத்து

4

முடிவு அ: கோட்டை மாற்றினார்.

முடிவு ஆ: பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

“அப்புறம் என்னாச்சு?” என்று இராஜமாணிக்கத்தை உலுக்காத குறை.

“அப்புறம் என்ன? வெயில் ஏறிருச்சு, பால் கொறஞ்சிரும்னு மரம் வெட்ட ஓடிட்டோம்லா.”

அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது அதையும்விடக் குறைவு. பென்சில் இன்னும் மேப்புக்கு மேலேதான் நிற்கிறது. நீங்களே போடுங்கள் கோட்டை. பார்த்துப் போடுங்கள், வள்ளிநாயகி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறாள்.