பெரியவரின் முறை

பெரியவர் உயிரோடு இருந்தபோதே எனக்கும் அவருக்கும் ஆகாது. நல்ல மனுஷர்தான், இல்லை என்று சொல்லவில்லை. பரம்பரைப் பூசாரி வீட்டில் பிறந்து, கருவறைக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி, கூடப்பிறந்தவர்களிடமே அடி வாங்கி வெளியே வந்தவர். பழைய சிமெண்ட் குடோன் ஒன்றைப் பிடித்து அதையே பிரார்த்தனைக் கூடமாக்கினார். அங்கே பூசாரி கிடையாது. இன்றைக்கு யாருடைய முறையோ அவர் விடிந்ததும் கூடத்தைப் பெருக்க வேண்டும், பெருக்கிய கையோடு முன்னால் நின்று பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். அவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். முடிந்ததும் நாளைக்கு யார் என்று அவரே பார்த்து விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டுப் போவார். பெருக்காதவன் வாயிலிருந்து சாமி பெயர் வரக்கூடாது என்பது பெரியவர் கட்டளை.

என் மகள் ஆஸ்பத்திரியில் வார்டு கழுவுகிற வேலை பார்க்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அந்தக் கூடமே கதி என்று ஆனாள். நான் பெரியவரிடம் நேராகவே போய்ச் சொன்னேன். நீங்கள் இருக்கிறவரைக்கும் சரி, நீங்கள் போன பிறகு இவள் கையில் விளக்குமாறு மட்டும்தான் மிஞ்சும் என்றேன். சிரித்தார். சாமியார்களுக்கு இந்த ஒரு வசதி, பதில் தெரியாவிட்டால் சிரித்துவிடலாம்.

அவர் போய்ச் சேர்ந்து முதல் வருஷ நினைவு நாள் வந்தது. முந்தின நாள் முறை தையல்காரருடையது. அவர் பெரிய யோசனை எதுவும் இல்லாமல், பக்கத்தில் நின்ற என் மகளிடம் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டார். அவள் வீட்டுக்கு வந்து புடவையை இஸ்திரி போட்டாள். வரிகளை முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள். அவளை அப்படிப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

சாயங்காலம் கூடத்துச் செயலாளர் வந்தார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதுதான் குடித்தேன் என்று தண்ணீரைக்கூட வாங்கவில்லை. சுற்றி வளைத்துப் பேசி விஷயத்துக்கு வந்தார். பெரிய மனிதர்கள் வருகிறார்களாம். அதனால் கமிட்டி கூடி, நினைவு நாளில் மட்டும் முறை பெரியவருடையதே என்று முடிவு பண்ணியிருக்கிறதாம். இனி வருஷா வருஷம் அப்படித்தானாம். அவர் குரல் பதிவாகி இருக்கிறது, அதைப் போட்டுவிடுவார்களாம்.

"பெருக்கறதை மட்டும் நீயே பண்ணிடும்மா. அது பெரிய புண்ணியம்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முறை அவருதுன்னா பெருக்க வேண்டியதும் அவர்தானே சார். கூடத்துல மாட்டியிருக்கற அவர் போட்டோவை எறக்கி, அது கையில விளக்கமாத்தைக் குடுங்க."

"ஐயா, நீங்க தப்பா எடுத்துக்கறீங்க."

"சரியா எடுத்துக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?"

மகள் என்னை உள்ளே போகச் சொன்னாள். பெருக்கிவிடுகிறேன் சார் என்று சொல்லி அவரை அனுப்பினாள். அவர் படி இறங்கியதும் நான் கத்தினேன். சூடு சொரணை இல்லையா என்று கேட்டேன். இஸ்திரி போட்ட புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, சோறு போடட்டுமா என்றாள்.

மறுநாள் கூடம் நிறைந்து வழிந்தது. நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். ஸ்பீக்கரில் பெரியவர் குரல் வந்தது. அது யாரோ நாலு பேர் இருந்த நாளில் பிடித்த பதிவு. இத்தனை பேரும் ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். நடுவில் இருமினார். முன்வரிசையில் இரண்டு பேர் அதையும் திருப்பிச் சொல்லப் பார்த்தார்கள். போகப்போக ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டது. செத்தவர் மட்டும் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் விளக்குமாற்றை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க, செயலாளர் என் மகளிடம் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"என் முறை இன்னும் முடியலையே சார்."

"அதான் முடிஞ்சுதேம்மா."

"பெருக்கினதுதான் முடிஞ்சுது. நாளைக்கு வந்து மிச்சத்தைச் சொல்றேன். விட மாட்டீங்கன்னா அதுக்கு மறுநாளும் வருவேன்."

பெரிய மனிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் சிரித்து மழுப்பினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவளைச் சொல்ல விடவேயில்லை என்றால், அந்த ஆளுக்குச் சம்பளமில்லாமல் பெருக்க ஒரு ஆள் கிடைத்த மாதிரிதானே. இதைச் சொன்னதற்கு, பார்ப்போம்பா என்றாள். என்னத்தைப் பார்ப்பது.

அடுத்த நாள் விடியலில் நானும் கூடவே போனேன். பெருக்கினாள். கையைக் கழுவிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். செயலாளர் எழுந்தார். தையல்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "விளக்கமாத்தை அவ கையில குடுத்தவன் நான். அவ சொல்லட்டும், நீங்க உக்காருங்க சார்," என்றார். எழுந்தவர் சுற்றும்முற்றும் பார்த்தார். எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டார்.

அவள் சொன்னாள். ஒரு வரியைச் சொல்லி, கடைசி ஆள் திருப்பிச் சொல்லி முடிக்கிறவரை நின்று, அடுத்த வரியைச் சொன்னாள். எல்லாரையும்விடச் சத்தமாகத் திருப்பிச் சொன்னது செயலாளர்தான்.

முடிந்து வெளியே வந்தால், அந்த ஆள் வாசலில் நாலு பேரை நிறுத்தி வைத்து, இந்தப் பெண்ணைப் பெரியவரே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார், எல்லாம் அவர் சங்கல்பம் என்று தழுதழுத்துக்கொண்டிருந்தார்.

"தேர்ந்தெடுத்தது தையக்காரர்," என்றேன்.

யார் காதிலும் விழவில்லை. மகள் மட்டும், டூட்டிக்கு நேரமாச்சு வாப்பா என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.