மகாராணிக்குக் கொண்டை முளைத்தது

கோழிக்குஞ்சின் காலில் மஞ்சள் துணியைக் கட்டியவள் என் பெண்டாட்டி ஜெயபாரதி. நாற்றங்காலில் பாம்பு கடித்து நான் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் எழுந்து நடந்தால் உனக்கு ஒரு சேவல் என்று எங்கள் முனீஸ்வரனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். நான் எழுந்து நடந்தேன். சேவல் எது என்று தெரியும்வரை பொறுக்க வேண்டாமா? அப்போதுதான் பொரித்திருந்த குஞ்சுகளில் பெரிதாக இருந்த ஒன்றைப் பிடித்து, சேவல்தான் என்று அவளே முடிவு கட்டி, துணியையும் கட்டிவிட்டாள். அவசரக்காரி!

தாய்க்கோழியையும் மற்ற குஞ்சுகளையும் கீரிப்பிள்ளை தீர்த்துவிட்டது. மிஞ்சியது இது ஒன்றுதான். கடிபட்ட காலை நீட்டிக்கொண்டு கிடந்த எனக்கு வேறு என்ன வேலை? நொய்யைத் தூவினேன். அது என் மடியில் ஏறித் தூங்கப் பழகிக்கொண்டது. வயலுக்குப் போக ஆரம்பித்ததும் வரப்பில் பின்னாலேயே ஓடி வந்தது. சனியன், அதன்மேல் எனக்கு உயிராகிவிட்டது.

முனீஸ்வரன் பொட்டைக்கோழியை ஏற்கமாட்டார். அதனால் மகாராணி என்று பேர் வைத்தேன்.

"பேரு வச்சா பொட்டையாயிடுமா?" என்றாள் பாரதி. "கொண்டையப் பாருங்க, எப்படி செவந்திருக்கு."

"வெயில்ல செவந்திருக்கு. உன் மூக்கும்தான் செவந்திருக்கு."

"காலு எவ்ளோ தடியா இருக்கு!"

"நல்லா தின்னுது, தடிக்குது. போய் வேலையப் பாருடி."

பக்கத்துத் தெருவில் கோழி வளர்க்கும் டேவிட்சனைக் கூப்பிட்டேன். தலைகீழாகப் பிடித்தால் சேவல் தலையைத் தூக்கும், பொட்டை தொங்கவிடும் என்று அவன் கணக்கு. மகாராணி தலையைத் தூக்கியதோடு நில்லாமல் அவன் கையையும் கொத்தினாள். "அண்ணே..." என்று இழுத்தவன், நான் முறைத்ததும், "பொட்டையாவும் இருக்கலாம்ண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

"வேற சேவலை வாங்கி வெட்டினா என்ன?" என்று ஒருநாள் மெல்லக் கேட்டேன்.

பாரதியின் முகம் வெளுத்துவிட்டது. "நேந்து துணி கட்டுனதை மாத்துனா சாமி சும்மா விடுமா? மறுபடி உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கங்க போவேன்?"

என் உயிருக்காக நேர்ந்ததை நானே தடுப்பது எந்த ஊர் நியாயம்? பொட்டையாக இரு தாயே, பொட்டையாக இரு என்று தினமும் அதைத் தடவிக்கொடுத்ததுதான் என்னால் முடிந்தது.

பொங்கல் கழிந்து, சம்பா அறுப்பும் முடிந்தது. ஒரு காலையில் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். மகாராணி வைக்கோல்போரில் ஏறி, இறக்கையை அடித்து, கழுத்தை நீட்டிக் கூவினாள். தொண்டை கட்டியவன் ஆள் கூப்பிடுவதுபோல அரைகுறையாகத்தான் வந்தது. ஆனாலும் கூவல் கூவல்தானே.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த நாசமாய்ப்போன கோழி, என்னமோ சாதித்துவிட்டதுபோல ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கோழிக்காக அழுகிறானே என்று யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்.

பாரதி சிரிக்கவில்லை. என்னையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து குனிந்து, கோழியின் காலிலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தாள். முனீஸ்வரன் இருக்கும் வாய்க்கால்கரைப் பக்கம் திரும்பி நின்றாள்.

"ஏ முனீஸ்வரா, இவரைக் காப்பாத்துன்னுதானே உன்கிட்ட வந்தேன்? இதை வெட்டுனா இந்த மனுஷன் சோறு தண்ணி இல்லாம கெடந்தே போய்ச் சேந்துடுவாரு. அப்புறம் நீ காப்பாத்துனதுக்கு என்ன அர்த்தம்? சந்தையில இருக்குறதுலயே பெரிய சேவலா உனக்குக் கொண்டாரேன். சுருட்டும் கொண்டாரேன். அப்பவும் கோவம் ஆறலன்னா என்னை வந்து கேளு. இவரைத் தொட்ட, நடக்குறதே வேற!"