சுத்தமான 'ங்'

அவர் வீட்டிலிருந்தே அச்சகத்துக்குப் புரூஃப் பார்ப்பவர். மனைவி நர்ஸ். இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்து பகலில்தான் தூங்குவாள். போன வாரம் கூரையில் சோலார் போட்டதோடு அந்தத் தூக்கத்தில் மண் விழுந்தது. வெயில் ஏற ஏற, படுக்கையறைச் சுவரின் மறுபக்கம் மாட்டிய இன்வெர்ட்டர் உறுமத் தொடங்கிவிடும். அங்கே மாட்டச் சொன்ன புண்ணியவான் வேறு யாருமில்லை, நம்ம ஆள்தான்.

"இன்னிக்கும் தூங்க விடலைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். நீங்களும் அதுவும் சந்தோஷமா குடித்தனம் பண்ணுங்க" என்றாள். பையும் கட்டியாகிவிட்டது. அவள் இல்லாத வீட்டில் அவருக்கு ஒரு நாள்கூட ஓடாது.

கனத்த போர்வை ஒன்றை எடுத்து இன்வெர்ட்டருக்குப் போர்த்திவிட்டார். பத்து நிமிடம் அடங்கியது. பிறகு உள்ளே சூடேறி, அதன் ஃபேன் காட்டுக்கத்தலாகக் கத்தியது. பதறிப்போய் போர்வையை உருவிவிட்டு, மெக்கானிக்கைப் போனில் பிடித்தார்.

"என்ன மாதிரி சத்தம் சார்?"

"நல்லாக் கேளுங்க தம்பி. 'ம்' இல்ல. 'ஞ்' கூட இல்ல. சுத்தமான 'ங்'. ங்ங்ங்ங்..."

எழுத்துப்பிழை பார்த்தே தலை நரைத்தவர், சத்தத்தில் மட்டும் பிழை விடுவாரா? படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

"இப்போ ரெண்டு இன்வெர்ட்டரா?"

மெக்கானிக் வந்து சுவரில் கையை வைத்துப் பார்த்துச் சிரித்தார். "மெஷின் மெல்லத்தான் முனகுது சார். இது பலகைச் சுவரு. அதை வாங்கி ஊருக்கே சொல்லுது."

மின்சாரத்தை நிறுத்தி இன்வெர்ட்டரைக் கழற்றினார். வெளியே நிழல் விழும் செங்கல் சுவரில், ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ரப்பர் வைத்து, காற்றுப் போக இடம் விட்டு மாட்டினார். "இனிமே போர்வை கீர்வைன்னு இது பக்கம் வந்துடாதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீடு அடங்கியது. அவளும் தூங்கிப்போனாள். மாலையில் அலாரம் அடித்து ஓய்ந்தும் அசையவில்லை. எழுப்பலாம் என்று தோளருகே கையைக் கொண்டுபோனார். மனம் வரவில்லை. வாசலுக்கு வந்து வார்டுக்குப் போன் செய்தார்.

"அவ இன்னிக்கு ஒரு மணி நேரம் லேட்டா வருவாம்மா."

"ஐயோ, உடம்புக்கு என்ன சார்?" என்று பதறினார் தலைமை நர்ஸ்.

"ஒண்ணுமில்லம்மா. தூங்குறா!" என்றார், பெண் பரீட்சையில் பாஸான சேதியைச் சொல்வது போல.