முப்பத்திரண்டாவது நொடியில் அறுந்த போன்

கும்மிடிப்பூண்டி ரசாயன ஆலையில் பழைய டெலிபோன்களைக் கழற்றிவிட்டு இன்டர்நெட் போன் மாட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. மாட்டியவள் பழவேற்காட்டு உமைரா. வெளியிலிருந்து வரும் போன் அரை நிமிஷத்தில் அறுந்துபோகிறது என்று பலர் சொல்லியும், "வெளி லைன் கோளாறு" என்று தட்டிக்கழித்திருந்தாள்.

அன்று காலை பாய்லர் ஆபரேட்டர் ஆதிகேசவன் மூச்சிரைக்க அவள் அறைக்குள் வந்தார்.

"மேடம், என் சம்சாரத்த லாரி இடிச்சிடுச்சாம். பக்கத்து ஊட்டு ஏஞ்சல் போன் பண்ணிச்சி. அழுதுகினே இருந்திச்சி, எந்த ஆஸ்பத்திரின்னு சொல்றதுக்குள்ள கட்டாயிடுச்சி!"

அவர் வீடு இருக்கும் ஆரம்பாக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் தெற்கே பொன்னேரி, வடக்கே சூளூர்ப்பேட்டை. எந்தப் பக்கம் ஓடுவது? ஏஞ்சல் பேசிய நம்பருக்கு உமைரா திருப்பி அடித்தாள். டீக்கடைக்காரர் எடுத்தார். "காயின் போன்ல பேசின பொண்ணா? அப்பவே ஓடிடுச்சே."

ஏஞ்சல் மறுபடி கூப்பிட்டாலும் அதே நொடியில் அறுந்துவிடும். உமைரா பதிவுகளைத் திறந்தாள். பேச்சு போகும் வழி வேறு. அழைப்பை நடத்தும் சேதிகள் போகும் வழி வேறு. மணி அடித்திருக்கிறது. 'எடுத்தாச்சு' என்று, அழைப்புகளை இணைக்கும் ஆலையின் பெட்டி சொல்லியிருக்கிறது. 'தெரிந்தது' என்ற பதில் மட்டும் வரவேயில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, முப்பத்திரண்டாவது நொடியில் பெட்டியே அழைப்பைத் துண்டித்திருந்தது. பதில் எப்படி வரும்? வெளியே கொடுத்திருந்த முகவரி ஆலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. அதைப் போட்டவள் அவள்தான்.

திருத்தினாள். திருத்தம் ஏற, பெட்டியை அணைத்துப் போட வேண்டும். இரண்டு நிமிஷம் எந்தப் போனும் வராது.

"அந்த நேரம் பாத்து அது கூப்ட்டா?" ஆதிகேசவன் கதவுக்கும் மேசைக்குமாக நடந்தார்.

உமைராவின் விரல் சுவிட்சின்மேல் தயங்கியது. அழுத்தினாள்.

பெட்டி உயிர் பெற்றது. பாய்லர் ரூம் போனைத் தன் மேசைக்குத் திருப்பினாள். ஐந்து நிமிஷம். பத்து. இரண்டு பேரும் உட்காரவில்லை. மணி அடித்ததும் ஆதிகேசவன் பாய்ந்து எடுத்தார். உமைரா கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பது நொடி. நாற்பது. ஏஞ்சலின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சூளூர்ப்பேட்டையாம். கால்தான் ஒடஞ்சிருக்கு. நெனவு இருக்காம், என்னக் கேட்டுகினே கீறாளாம்."

"அண்ணா, கோளாறு வெளியில இல்ல. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்."

"ஒரு வாரமா சொல்லிக்கினு இருந்தோமே மேடம்" என்றவர், பதிலுக்கு நிற்காமல் கேட்டை நோக்கி ஓடினார்.

அதன்பிறகு உமைராவுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டு, மாவுக்கட்டு போட்டாயிற்று, மனைவி பூவம்மாள் கஞ்சி குடித்தாள் என்று சொன்ன பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.