மூன்றாவது கம்பம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கை என் வேலை மேசையில் ஒரு பல்லை வைத்தாள். டிஷ்யூ காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். மேல் வரிசை, முன்பல்லுக்கு அடுத்தது, வேரோடு. நான் பல் செட் செய்கிறவள். மூன்று டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பாரிஸ் சாந்து மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் செதுக்கி, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குச் சாயம் பார்த்துச் செய்து கொடுப்பேன். பதினெட்டு வருஷமாக இதே மேசை, இதே விளக்கு. யார் வாயில் எது உடைந்திருந்தாலும் எனக்கு அது வேலைதான். இந்தப் பல்லை மட்டும் தொட முடியவில்லை. இதற்கு முன் அவளுக்கு இரண்டு செய்து கொடுத்திருக்கிறேன். முதலாவது பாத்ரூமில் வழுக்கி விழுந்தது. இரண்டாவது அலமாரிக் கதவு. இரண்டையும் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

"எங்க விழுந்த?"

அவள் விளக்கை வேறு பக்கம் திருப்பினாள். நான் அவள் இரண்டு கைகளையும் இழுத்துத் திருப்பிப் பார்த்தேன். சைக்கிள் ஓட்டுகிறவளுக்கு விழுவதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். விழுகிறவர்கள் முதலில் கையைத்தான் ஊன்றுவார்கள், உள்ளங்கை உரிந்துவிடும். அவள் உள்ளங்கை கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

"விழலக்கா," என்றாள்.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் இப்படிச் சொல்வது முதல் தடவை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மெழுகு செதுக்குகிற கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டே எழுந்திருக்கிறேன் போல. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அதை வாங்கி டப்பாவில் போட்டாள்.

"நீ அவர்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது. நீ கேட்டா எனக்குத்தான் விழும். போன தடவ அம்மா போன் பண்ணிக் கேட்டாங்கல்ல, அதுக்கப்புறம் ரெண்டு நாள் நான் எந்திரிக்கல."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற? பல்லு மேல பல்லா செஞ்சு குடுத்துக்கிட்டே இருக்கவா?"

"திங்கக்கிழமைக்குள்ள செஞ்சு குடு, போதும்." பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவள் திரும்பினாள். "ஞாயித்துக்கிழம எத்தன மணி வரைக்கும் ஓட்டுவீங்க?"

"பத்தரை ஆகும். ஏன்?"

"சும்மாதான். அவர நல்லா தூரமா கூட்டிட்டுப் போ."

புருஷன் இல்லாத வீட்டில் நாலு மணி நேரம் நிம்மதியாக மூச்சு விட நினைக்கிறாள், பாவம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு தோறும் அவள் புருஷனும் நானும் இன்னும் மூன்று பேரும் சைக்கிளில் போவது பழைய ரயில் பாதையில். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, ஜல்லியை உருளையால் அழுத்தி, மேலே சரளை பரப்பி நடக்கவும் சைக்கிள் விடவும் விட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு கிலோமீட்டர், பூங்காவில் ஆரம்பித்து ஏரிக்கரை வரை. ஒரு கார் கிடையாது, லாரி கிடையாது. எங்கள் கூட்டத்திலிருக்கும் பேக்கரிக்காரரை ஒரு வேன் இடித்துத் தள்ளிய பிறகுதான் தார் ரோட்டையே விட்டோம். "சரளையில ஓட்டினா பல்லு ஆடும், அதுக்குத்தான் பல்லக்கா கூடவே வர்றாங்களே," என்பார் அவர். பல்லக்கா நான்தான். தங்கை புருஷனுக்கு மீட்டர் என்று பேர். கைப்பிடியில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, இப்போது இருபத்தாறு, இப்போது இருபத்தெட்டு என்று வேகத்தை அறிவித்துக்கொண்டே வருவான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். யாருக்கு டயர் போனாலும் அவன் பையிலிருந்துதான் ட்யூப் வரும். சரளைக்கு ஏற்றபடி சக்கரத்தில் காற்றைக் குறைக்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவன்தான், கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் விடுங்கண்ணி," என்பான். எனக்கும் அவனைப் பிடித்திருந்தது.

வண்டி நுழையக் கூடாது என்பதற்காக, பாதையை ரோடு குறுக்கிடும் இடங்களில் நட்ட நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பம் நிறுத்தியிருக்கிறார்கள். மொத்தம் ஐந்து. இரண்டு பக்கமும் ஒரு சைக்கிள் போகிற இடைவெளி. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகும்போது, பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. காற்றை முன்னவர் வாங்கிக்கொள்வார், பின்னவருக்கு மிதிப்பது லேசாக இருக்கும். அதற்குப் பதிலாகக் கண்ணை முன்னவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பள்ளம் என்றால் அந்தப் பக்கம் விரலைக் கீழே காட்டுவோம். கம்பம் என்றால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டுமோ அந்தப் பக்கம் வீசுவோம். என்ன சண்டை இருந்தாலும், பேசாமல் முறைத்துக்கொண்டு ஓட்டினாலும், கை காட்டாமல் இருக்க மாட்டோம். எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

அந்த ஞாயிறு பேக்கரிக்காரருக்குக் காய்ச்சல். மற்ற இரண்டு பேர் ஊரில் இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் நல்ல தூரமாகக் கூட்டிக்கொண்டு போ என்று அவள் சொல்லியிருந்தாள். ஏழேகாலுக்குப் பூங்கா வாசலில் அவன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு நின்றான். "குட் மார்னிங் அண்ணி." நானும், "வாங்க மாப்பிள்ளை," என்றேன். நாக்கு பழகிப்போயிருந்தது.

முதல் இரண்டு கம்பம் வரை அவன் முன்னால் போனான், ஒழுங்காகக் கை காட்டினான். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே போனேன். வலது கை. அரைக் கையுறைக்கு வெளியே தெரிந்த விரல் முட்டியில் ஒரு சின்னக் காயம், நாலு நாள் ஆகிக் கறுத்துப்போயிருந்தது. பல் பட்ட காயம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது கம்பம் தாண்டியதும் முன்னால் போகும் முறை எனக்கு வந்தது. அவன் பக்கவாட்டில் வந்து, இடம் மாறும்போது, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னான்:

"அந்தப் பல்லக் கொஞ்சம் நல்லா செஞ்சு குடுங்கண்ணி. உங்க தங்கச்சி கண்ணு தெரியாம நடக்கறா. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்."

நீ கேட்டால் எனக்குத்தான் விழும் என்று அவள் என் வாயைக் கட்டிப் போட்டிருந்தாள். வாயைத்தானே கட்டினாள். கியரை மாற்றி மிதிக்க ஆரம்பித்தேன்.

"முப்பது," என்றான் பின்னாலிருந்து. "முப்பத்தொண்ணு. சூப்பரண்ணி." அந்த இடத்தில் பாதை லேசாக இறங்கும், இரண்டு பக்கமும் மண் மேடு, வளைவே கிடையாது. சரளை சக்கரத்தில் பொரிவது கேட்டது. அவனுடைய மூச்சு என் முதுகுக்குப் பின்னால் ஒரே சீராக வந்தது. அவ்வளவு நம்பிக்கையாக ஒட்டி வந்தான். தூரத்தில் மூன்றாவது கம்பம் தெரிந்தது. வழக்கமாக நூறு மீட்டரில் கையை எடுப்பேன். நூறு மீட்டர் வந்தது. கை தானாகக் கைப்பிடியை விட்டு எழுந்தது, அத்தனை வருஷப் பழக்கம். அதை இழுத்துப் பழைய இடத்தில் வைத்து விரல் வலிக்கப் பிடித்துக்கொண்டேன். "முப்பத்தி நாலு," என்று அவன் கருவியைப் பார்த்துக் கத்தினான். சந்தோஷமாகத்தான் கத்தினான். கம்பத்தின் மேல் உரிந்திருந்த பெயின்ட் கண்ணுக்குத் தெரிகிற வரை நேராகப் போய், இடது பக்கம் வெடுக்கென்று ஒடித்தேன். முழங்கை கம்பத்தில் உரசிக்கொண்டு போனது.

ஒரே ஒரு சத்தம். பெரிய கதவை அறைந்து சாத்தினது மாதிரி. பிரேக் பிடித்துத் திரும்பியபோது அவன் சைக்கிள் முன்சக்கரம் இல்லாமல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. அவன் அதற்கு நாலடி முன்னால், குறுக்கே போன ரோட்டின் ஓரத்தில், சரளையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு போய்க் கிடந்தான். வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தாடை ஒரு பக்கமாகப் போயிருந்தது. புரண்டு மல்லாந்தபோது வாயிலிருந்து ரத்தமும் மண்ணும் கலந்து வந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு நடந்து போனேன். அவன் கண் என்னைத் தேடிப் பிடித்தது.

"கை… காட்டல…"

அது கேள்வி மாதிரிதான் இருந்தது. அப்போதுகூட அவனுக்கு அது என் மறதியாகத்தான் பட்டிருக்கும். அதோடு விட்டிருந்தால் கடைசி வரைக்கும் மறதியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த வலது கை என் காலடியில் விரல்களை விரித்துக்கொண்டு கிடந்தது, முட்டியில் அந்தக் காயத்தோடு. என் ஷூவின் அடியில் பெடலில் மாட்டுகிற இரும்புக் கட்டை உண்டு. அதை அவன் விரல்களின் மேல் வைத்து, எழுபத்திரண்டு கிலோவையும் இறக்கி, சிகரெட்டை அணைப்பது போலத் திருகினேன். ஏதோ முறிந்தது. அவன் கத்த முயன்றான், தாடை ஒத்துழைக்கவில்லை. இன்னொரு தடவை திருகினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. எட்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சந்தோஷமாக இருந்தது. அவன் கண்ணிலிருந்து கேள்வி போய்விட்டது, எல்லாம் புரிந்துவிட்டது. அதுவும் பிடித்திருந்தது. அப்புறம் நாயோடு நடக்க வந்த ஒரு தம்பதி தூரத்தில் தெரிந்தார்கள். நான் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அழுகையும் வந்தது, நிஜமாகவே.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை வார்டிலிருந்து நேராக என்னிடம் நடந்து வந்தாள். அவள் மாமியார், கொழுந்தன், யார் யாரோ நின்றிருந்தார்கள். வந்த வேகத்தில் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். காது அடைத்துவிட்டது. கொழுந்தன் பாய்ந்து வந்து பிடித்தான். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுப்பா, அவ புருஷன் மேல அவளுக்கு அவ்வளவு பாசம்," என்றார்கள். தங்கை என்னை இழுத்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"எட்டரைக்கு டாக்சி வாசல்ல நின்னுச்சு," என்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது. "ஒம்பது மணிக்கு பஸ். வேற ஊர்ல வேல கெடச்சு, ரூம் பாத்து, எல்லாம் முடிச்சு வச்சிருந்தேன். அவர் திரும்பி வர்றதுக்குள்ள நான் பாதி தூரம் போயிருப்பேன். டாக்சிக்குள்ள ஒரு கால வச்சுட்டேன்க்கா. அப்ப போன் வந்துச்சு. அதுக்குள்ள வீட்டு வாசல்ல அவர் தம்பி வந்து நிக்கறார்."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். எல்லாத்தையும் மூஞ்சியிலயே வச்சிருப்ப."

சுவரில் சாய்ந்துகொண்டேன். "இப்பவும் போகலாம்," என்றேன். "இப்படியே பின்பக்கமா போயிடலாம் வா."

"எப்படிப் போறது? பையோட டாக்சியில ஏறினத அவர் தம்பி பாத்தார். விஷயம் தெரிஞ்சு ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பிட்டேன்னு நெனச்சு, எவ்வளவு பொறுப்புன்னு சொல்லி, பைய அவரே தூக்கிக்கிட்டு வந்துட்டார். கட்டிலுக்கு அடியில இருக்கு." முகத்தைக் கழுவினாள். வாயைத் திறந்தபோது அந்த இடைவெளி தெரிந்தது. "தாடையில கம்பி கட்டியிருக்காங்க. ஆறு வாரம் நான்தான் ஊட்டி விடணுமாம். அப்புறம் கட்டு அவுப்பாங்க இல்லக்கா?"

குழாயை மூடிவிட்டு அவள் முன்னால் போனாள், நான் பின்னால். வார்டில் ஏழு கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் அவன் தலை முழுக்கக் கட்டோடு கிடந்தான். வலது கை தோளிலிருந்து விரல் வரை மாவுக்கட்டில் வெள்ளையாக இருந்தது. இடது கையில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் பக்கத்தில் போனதும் அந்தக் கை எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. ஊசி போட வந்த நர்ஸ் அதைப் பார்த்துச் சிரித்தாள். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சத்தம் போட்டிருக்கலாம், இழுத்துப் பிரித்திருக்கலாம். காலையில் அவ்வளவு தெம்பாக இருந்த உடம்பு கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"வேர்த்துப் போச்சே இவனுக்கு," என்றார்கள் மாமியார். "டவல் எடுத்து வச்சிருப்பாளே." குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து அவன் காலருகே வைத்து ஜிப்பைத் திறந்தார்கள். மாமியார் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போர்வை மேல் வைத்தார்கள். அவளுடைய ஸ்வெட்டர். அவளுடைய செருப்பு, காகிதத்தில் சுற்றியது. சான்றிதழ்கள் வைத்திருக்கும் நீல ஃபைல். அதன் மேல் கிளிப் போட்டுச் செருகிய ஒற்றை பஸ் டிக்கெட்.

"என்னம்மா இது, எல்லாம் உன்னோடதாவே இருக்கு. இவனுக்கு ஒண்ணுமே வைக்கலயா?"

அவன் கண் ஃபைலில் இருந்து டிக்கெட்டுக்குப் போய், டிக்கெட்டில் இருந்து மெதுவாக அவளிடம் வந்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்களின் நகங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் ஸ்வெட்டரை எடுத்து மடித்து, அவன் நெற்றி வேர்வையைத் துடைக்க ஆரம்பித்தாள்.