குவார்ட்ஸ் மாவில் விளக்கிய பல்

கம்பெனிச் சாமான்களை விற்க பைபாஸில் திறக்கப்போகும் கடைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று ஆனந்தராஜ் சொன்னபோது, வேல்விழி குவார்ட்ஸ் கல்லைப் பொடித்த மாவு மூட்டையை அரவை உருளையில் கொட்டிக்கொண்டிருந்தாள். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அவருடையது சின்ன செராமிக் கம்பெனி. ஃபியூஸ் கட்டைதான் அதிகம் ஓடும். கொஞ்சம் கோப்பை, கொஞ்சம் பொம்மை. வேல்விழிக்கு அங்கே ஒன்பதாவது வருடம். ஒன்பது வருடமும் மாவுப் பக்கம்தான்.

தை மாதம் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த நெஞ்சு டாக்டர், "இந்தத் தூசியில இன்னும் ரெண்டு வருஷம் நின்னா அப்பறம் மருந்து கெடையாது" என்று சொல்லியிருந்தார். வேறு எந்த வேலைக்குப் போவது என்று அவர் சொல்லவில்லை. கடை என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் மூட்டையை இறக்கி வைத்தாள்.

"நான் வரேங்க மொதலாளி."

ஆனந்தராஜ் தயங்கினார். கெட்டவர் இல்லை. "நீ நல்லா பேசுவ, தெரியும். ஆனா வரவங்ககிட்ட சிரிச்சுப் பேசணும். பல்ல மட்டும் கொஞ்சம் பாத்துக்கம்மா. தெறக்க இன்னும் ஒரு மாசம் இருக்குதில்ல."

பல் காப்பியால் பழுப்பேறியிருந்தது. தொண்டையில் தூசி ஒட்டுகிறது என்று ஆரம்பித்த பழக்கம் ஒரு நாளைக்கு ஐந்து டம்ளரில் வந்து நின்றிருந்தது. தூசி ஒரு சாக்கு என்பது அவளுக்கே தெரியும். டிகாக்‌ஷன் கறுப்பாக இருக்க வேண்டும், பால் பேருக்கு. ஒவ்வொரு வாயையும் நாக்கில் சற்று நிறுத்தி விழுங்குவாள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள்.

"காப்பிய வுட்டுடேன்க்கா" என்றாள் சிவசங்கரி. பக்கத்துத் தொட்டியில் கோப்பைகளைப் பளபளப்பு தரும் கிளேஸ் பூச்சில் முக்கி எடுப்பவள். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது.

"ஒன் புருசன வுடச் சொன்னா வுடுவியா?"

"தாராளமா. நீ வச்சிக்கிறதுன்னா சொல்லு, சாயங்காலமே இட்டாந்து வுடறேன்."

பிறகு அவளே செல்போனில் பார்த்து வழி சொன்னாள். குடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்ட்ரா போட்டுக் குடிக்க வேண்டும். ஸ்ட்ரா சூட்டில் வளைந்தது. "அக்கா எளநி குடிக்குது" என்று சூளைக்காரர்கள் சிரித்தார்கள். அப்படி உறிஞ்சியதில் வாசனையே இல்லை, கசப்பான வெந்நீர். ஒரு வாரத்தில் ஸ்ட்ராவைத் தூக்கி எறிந்தாள். பல் அப்படியே இருந்தது.

கம்பெனியில் கறை பிடித்த டம்ளரைத் தேய்க்க ஒரு சிட்டிகை குவார்ட்ஸ் மாவு போதும். சூளையில் வெந்த கோப்பையின் அடியில் ஒட்டிய பிசிறைக்கூட அதை வைத்துத்தான் எடுப்பார்கள். வேல்விழி ஒரு கைப்பிடி மாவைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். காலையும் மாலையும் தேய்த்தாள்.

நான்காம் நாள் பல் வெளுத்தது. "இது போதும்மா" என்றார் ஆனந்தராஜ். கடை திறக்கும் வரை தாங்க வேண்டுமே என்று அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஐந்து டம்ளரும் குடித்தாள். மூன்றாவது வாரம் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் வலி கண்வரை ஏறியது. சூடு பட்டாலும் அப்படித்தான். வெளுப்புக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் தெரிய ஆரம்பித்தது. காப்பிக் கறைதான் திரும்புகிறது என்று நினைத்து அதையும் தேய்த்தாள்.

"எதால தேச்சீங்க?" என்று கேட்டார் பல் டாக்டர். அவள் சொன்னதும் கையிலிருந்த சின்னக் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"மேல இருந்த எனாமல் தேஞ்சு போச்சும்மா. இப்ப தெரியறது உள்பல்லு. அதோட நெறமே மஞ்சதான். இனிமே காப்பி இன்னும் சீக்கிரம் புடிக்கும்."

கிளேஸ் சரியாக ஏறாத கோப்பை காப்பியை உறிஞ்சிக்கொள்ளும் என்பது வேல்விழிக்குத் தெரியாததல்ல. அப்படி வந்ததைத் திரும்ப முக்கி, திரும்பச் சூளையில் அடுக்குவார்கள்.

"மறுபடி பூச முடியாதுங்களா?"

"அது திரும்ப வராதும்மா. கூச்சத்துக்கு பேஸ்ட் எழுதித் தரேன். பல்லு மேல ஒற போடலாம். முன்வரிசை முழுக்கப் போடணும், மாசக்கணக்குல ஆவும்."

கடை திறக்க ஆறு நாள் இருந்தது.

ஆனந்தராஜிடம் அவள் மறைக்கவில்லை. வாயைத் திறந்து காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது யோசிக்கிறேன்" என்று சொல்லிப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மதியம் சிவசங்கரி அரவைப் பக்கம் வந்து நின்றாள். முழங்கைவரை கிளேஸ் காய்ந்திருந்தது.

"மொதலாளி கடைக்கு என்னை வரச் சொல்றாருக்கா. நான் வரலன்னு சொல்லிடறேன்."

"நீ சொன்னா என்னைக் கூப்புடுவாரா?"

சிவசங்கரி கையில் காய்ந்த கிளேஸைச் சுரண்டினாள்.

"கூப்புட மாட்டாரு. வெளியிலேர்ந்து வேற யாராச்சும் வருவாங்க. போடி. போயி ஃபேனுக்குக் கீழ நில்லு."

"ஒனக்குக் கோவமில்லியேக்கா?"

"இருக்குது" என்றாள் வேல்விழி. "ஒம்மேல இல்ல."

கடை திறந்த அன்று ஆனந்தராஜ் கம்பெனிக்கு லட்டும் காப்பியும் அனுப்பியிருந்தார். நல்ல காப்பி; மூடியைத் திறந்ததுமே வாசனை மாவுப் பக்கம்வரை வந்தது. வேல்விழி டம்ளரை உதட்டில் வைத்தாள். முதல் வாயிலேயே முன்பற்கள் நான்கும் சேர்ந்து சுண்டி இழுத்தன. ஆறட்டும் என்று ஜன்னலில் வைத்தாள். ஆறியதைக் குடித்தபோதும் வலித்தது, வேறு விதமாக.

வெளியே லாரி பின்பக்கமாக வந்து நின்றது. மூட்டை இறக்கக் கூப்பிட்டார்கள். துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவள் எழுந்து போனாள்.